பதில் சொன்னது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தை போன் செய்தார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்கும். நான் "அலோ" சொன்ன விதத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். "பதறாதப்பா, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கம்ப்யூட்டர்லதான் நெட் வரல. ராத்திரி கரண்ட் போயி விடியக்காலம்தான் வந்துச்சு. அதுல இருந்து ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது. ஆனா செல்லுல எல்லாம் வருது" என்றார்.

அத்தை தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்தால் எட்டு மணிக்குள் பத்துப் பக்கம் முடித்துவிடுவார். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரி படிக்கும்போது ரகரம் எது, துணைக்கால் எது என்று குழம்பிவிடும். அத்தை ஒன்றுவிடாமல் பிடித்துவிடுவார். அந்த வேலைக்காகத்தான் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அந்தக் கணினிக்கு என்ன வந்தாலும் முதல் போன் எனக்குத்தான்.

"பிரவுசர்ல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே வாசிங்க அத்தை" என்றேன். மெய்ப்புப் பார்ப்பவரிடம் இதைக் கேட்பது பெரிய வசதி. மற்றவர்கள் "ஏதோ எரர் வருது" என்பார்கள். அத்தை முழு வரியையும் வாசித்தார். அந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொல்லியிருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒன்று, இணைக்க முடியவில்லை என்பது இன்னொன்று. முதலாவதில் பெயருக்குரிய எண் முகவரியே கிடைக்கவில்லை. இரண்டாவதில் முகவரி கிடைத்துவிட்டது, போய்க் கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொல் அப்படி இருந்தாலும், அடியிலிருந்து படிப்படியாகப் பார்த்துவிடுவது என் வழக்கம். கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து 'ஐபி ஏ' அடிக்கச் சொன்னேன். எண் 192.168.1.34 என்று வாசித்தார். சரி, ரூட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. எண்ணே இல்லாமலோ 169.254 என்று தொடங்கியோ இருந்திருந்தால் ரூட்டரோடு பேச்சுவார்த்தையே நடக்கவில்லை என்று பொருள். அப்போது கேபிளையும் வைஃபையையும்தான் பார்க்க வேண்டும். அடுத்து 'ஐபி ரூட்'. வெளியே போகும் வழி 192.168.1.1 என்று அதில் சரியாகவே இருந்தது.

இந்த 'ஐபி ரூட்' படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் அதிகம். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு லினக்ஸ் கணினிக்கு மட்டும் உள்ளே இருந்த ஒரு சர்வர் எட்டவில்லை. மற்ற எல்லாருக்கும் எட்டியது. இரண்டு நாள் ஃபயர்வாலைத் துருவினோம். கடைசியில் பார்த்தால் அந்தக் கணினியில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கர் போட்டிருந்தார்கள். டாக்கர் வழக்கமாக 172.17 என்று தொடங்கும் எண்வரிசையைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். அந்த அலுவலகத்தின் சர்வரும் அதே வரிசையில் இருந்தது. சர்வருக்கு அனுப்பிய ஒவ்வொரு பொட்டலமும் கணினியை விட்டு வெளியே போகாமல் டாக்கரின் பாலத்திலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. 'ஐபி ரூட் கெட்' என்று அடித்துப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் எந்த வழியாகப் போகிறது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கும்.

அத்தை வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. 'இருக்கிறாயா' என்று தட்டிப் பார்க்கும் பிங் ரூட்டருக்குப் போனது. வெளியே எல்லாருக்கும் பொதுவாகக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வைத்திருக்கும் பெயர் தேடும் சர்வர் 1.1.1.1க்குப் பிங் அடிக்கச் சொன்னேன். "வரிசையா வருதுப்பா, நிக்கவே மாட்டேங்குது" என்றார். கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தச் சொன்னேன். ஆக, கம்பி நன்றாக இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. எண்ணைச் சொன்னால் போகிறது, பெயரைச் சொன்னால் போகவில்லை.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போவதை நான் ஊரில் வீடு தேடுவதாகத்தான் நினைத்துக்கொள்வேன். கதவு எண் தெரியாது, பெயர் மட்டும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் கேட்டால், "ஆளைத் தெரியாது, மேலத் தெருவுல போய்க் கேளுங்க" என்பார்கள். மேலத் தெருவில் கேட்டால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கடைக்காரரைக் கைகாட்டுவார்கள். கடைக்காரர் வெளியே வந்து, "அந்தா, பச்சைக் கேட்டு" என்று வீட்டையே காட்டிவிடுவார். இவர்களில் ஒருவருக்கும் ஊர் முழுக்கத் தெரியாது. அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தெரியும். பெயருக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ் நடப்பதும் இப்படித்தான். விக்கிமூலத்தின் முகவரியை எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் கேட்டால், "டாட் ஓஆர்ஜியைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேள்" என்று அனுப்பும். அவர்கள் விக்கிமூலத்தின் பெயர் சர்வர்களைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் எண் கிடைக்கும். நமக்காக இப்படி அலைந்துவிட்டு வருகிற ஆளுக்கு ரிசால்வர் என்று பெயர். ஒருமுறை தெரிந்துகொண்டதைக் கொஞ்ச நேரம் ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளும்.

ஊர் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்த காலமும் உண்டு. இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் நாட்களில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே கோப்பில் பராமரித்தது. மற்ற ஊர்க் கணினிகள் அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்ளும். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல் போக, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் ஈடிசி அடைவுக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் முதலில் பார்க்கப்படுவதும் அதுதான். சோதனைக்காக என்றோ எழுதிவிட்டு மறந்துபோன ஒரு வரி அதில் கிடந்தால், உலகத்தில் உள்ள எல்லா சர்வரும் சரியான எண்ணைச் சொன்னாலும் உங்கள் கணினி அந்த வரியைத்தான் நம்பும்.

ரூட் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். மூன்று நாடுகளின் பெயரில் தமிழ் அந்த உச்சியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும். இவற்றுக்கு முன்பே, 2007இல், ரோமன் அல்லாத எழுத்துகள் ரூட்டில் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பதினொரு சோதனைப் பெயர்களைச் சேர்த்தார்கள். தமிழுக்கு வைத்த முகவரி 'உதாரணம்.பரிட்சை'. அத்தையிடம் இதை ஒருநாள் சொன்னபோது, "பரீட்சைன்னு நெடிலால்லா இருக்கணும்" என்றார் உடனே.

சரி, பெயர் தேடும் வேலை கணினிக்குள் எத்தனை கை மாறுகிறது என்று பார்க்க வேண்டும். குழப்பம் அங்கேதான் இருக்கிறது. பிரவுசர் நேராக டிஎன்எஸ்ஸிடம் போவதில்லை. வழக்கமாக அது, நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லினக்ஸின் சி நூலகத்தைக் கேட்கும். நூலகம் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து யாரை எந்த வரிசையில் கேட்பது என்று பார்க்கும். பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு முதலில், பிறகு வீட்டுக்குள் கூவிக் கூப்பிடும் எம்டிஎன்எஸ், அப்புறம்தான் டிஎன்எஸ். டிஎன்எஸ் முறை வந்ததும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் சர்வரைக் கேட்கும். அந்தக் கோப்பில் இருக்கும் எண்ணே ஒரு துப்பு. 127.0.0.53 என்றிருந்தால் உள்ளூரில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற நிரல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் அது வெளியே யாரைக் கேட்கிறது என்று தெரிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடிக்க வேண்டும். 127.0.0.11 என்றிருந்தால் நீங்கள் நிற்பது டாக்கர் கன்டெய்னருக்குள். 192.168 வரிசையில் இருந்தால் அது ரூட்டர்.

டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்க டிக் என்ற கருவியை எல்லாரும் கையில் எடுக்கிறோம். நல்ல கருவிதான். ஆனால் அது என்எஸ்ஸ்விட்ச் வரிசையைக் கண்டுகொள்ளாது, ஹோஸ்ட்ஸ் கோப்பையும் திறக்காது. ரிசால்வ்.கான்ஃபில் இருக்கும் சர்வரை நேராகப் போய்க் கேட்டுவிடும். பிரவுசர் நடக்கும் பாதையில் நடந்து பார்க்க 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்' அடிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது டாட் லோக்கல் என்று முடியும் பெயர்களை உள்ளே பயன்படுத்திய ஓர் அலுவலகத்தில். டிக் அடித்தால் எண் அழகாக வரும், பிரவுசரில் போட்டால் திறக்காது. டாட் லோக்கல் என்ற பின்னொட்டை 2013இல் எம்டிஎன்எஸ்ஸுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் கணினிகளின் என்எஸ்ஸ்விட்ச் வரியில், 'எம்டிஎன்எஸ் இல்லை என்று சொன்னால் அத்தோடு திரும்பிவிடு' என்று எழுதியிருந்தது. எனவே பிரவுசரின் கேள்வி டிஎன்எஸ் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. டிக் மட்டும் நேரே போய்ப் பதில் வாங்கி வந்தது. இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. கேட்ட இடம்தான் வேறு.

இன்னொரு அறிகுறி: எல்லாப் பக்கமும் கடைசியில் திறக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஐந்து நொடி யோசித்துவிட்டுத் திறக்கிறது. அப்படியென்றால் ரிசால்வ்.கான்ஃபில் முதலில் இருக்கும் சர்வர் செத்துக்கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். நூலகம் ஒரு சர்வருக்கு வழக்கமாக ஐந்து நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததிடம் போகும்.

அத்தையின் கணினியில் ரிசால்வ்.கான்ஃபைக் காட்டச் சொன்னேன். கோப்பின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொல்லி அடித்தார். "நேம்சர்வர்னு போட்டு 127.0.0.1னு இருக்கு" என்றார். கணினி தன்னையே குறிக்கும் எண் அது. அதை எழுதியது நான்தான். அந்தக் கணினியிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரைப் போட்டிருந்தேன். அப்போது அவர் வீட்டு இணைப்பில், தவறாக அடித்த பெயர்களுக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லாமல் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்ற பதில் வர வேண்டும். ரூட்டிலிருந்து தொடங்கித் தானே அலைந்து விசாரித்து, வந்த பதிலின் கையெழுத்தையும் சரிபார்க்கும் ரிசால்வர் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கையெழுத்து என்றது, பதில் உரியவரிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் முறையை. 2008இல் டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ரிசால்வரின் ஞாபகத்தில் பொய்யான முகவரியை எவ்வளவு எளிதாக ஏற்றிவிட முடியும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் பதில்களுக்குக் கையெழுத்திடும் வேலை சூடு பிடித்தது. 2010 ஜூலையில் ரூட்டே கையெழுத்தோடு வர ஆரம்பித்தது. ரூட், டாட் ஓஆர்ஜியின் சாவிக்கு உறுதி சொல்லும். டாட் ஓஆர்ஜி தனக்குக் கீழே இருப்பவற்றுக்கு உறுதி சொல்லும். கீழே ஒரு பெயர் கையெழுத்தே போடாததாக இருந்தாலும், 'இவர் கையெழுத்துப் போடுவதில்லை' என்ற தகவலைக் கையெழுத்திட்டுத் தருவது மேலே இருப்பவர்தான். இந்த ஒரு நுணுக்கம்தான் அன்று காலை எங்களைப் பிடித்துவைத்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"இப்ப டிக்னு அடிச்சு இடைவெளி விட்டு விக்கிமூலத்தோட முகவரியைப் போடுங்க" என்றேன். "என்னென்னமோ வருதுப்பா. மேல இருந்து வாசிக்கட்டா?" என்று கேட்டு, அரைப்புள்ளி உட்பட வாசிக்கத் தொடங்கினார். நான்காவது ஐந்தாவது வரியில் ஸ்டேட்டஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எஸ், இ, ஆர், வி, எஃப், ஏ, ஐ, எல். எல்லாம் பெரிய எழுத்துல."

செர்வ்ஃபெயில். டிக் தரும் பதிலில் நான் முதலில் பார்ப்பது இந்தச் சொல்லைத்தான். என்எக்ஸ்டொமைன் என்று வந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று யாரோ தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், எழுத்துப்பிழையைத் தேடலாம். ரெஃப்யூஸ்டு என்றால், சர்வர் இருக்கிறது, உனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது. பதிலே வராமல் நேரம் முடிந்துபோனால், கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பவில்லை. ஃபயர்வாலையோ செத்த சர்வரையோ பார்க்க வேண்டும். செர்வ்ஃபெயில் இவற்றில் சேராது. கேள்வி வந்தது, முயன்றேன், உன் கையில் கொடுக்கும்படியான பதில் என்னிடம் இல்லை என்று ரிசால்வர் கையை விரிப்பது அது.

"கீழே, கடைசி நாலு வரியில சர்வர்னு ஒண்ணு இருக்கும், அதை வாசிங்க." அத்தை வாசித்தார்: "127.0.0.1, ஒரு ஹேஷ் குறி, 53." டிக்கின் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது. பதில் சொன்னது யார் என்று அது சொல்லிவிடும். அநேகம் பேர் நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்காமல் விட்டுவிடுகிறார்கள். இங்கே பதில் சொன்னது அன்பவுண்ட்தான், வேறு யாரும் இல்லை. அது ஓடுகிறது, கேள்வியை வாங்குகிறது, பதிலும் சொல்கிறது. செத்துப்போகவில்லை.

வெளியே கேட்டுப் பார்க்கலாம் என்று அதே கட்டளையில் அட் குறி போட்டு 1.1.1.1ஐச் சேர்க்கச் சொன்னேன். நோஎரர் என்று வந்தது, எண்ணும் வந்தது. ஆக, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட்டை யாரும் மறிக்கவில்லை. பிறகு அட் குறியை எடுத்துவிட்டு, கடைசியில் கூட்டல் குறியும் சி, டி என்ற இரண்டு எழுத்தும் சேர்த்து மறுபடி அன்பவுண்டிடமே கேட்கச் சொன்னேன். கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டாம், கிடைத்ததைக் கொடு என்று கேட்கும் வழி அது. "வந்துட்டுப்பா! நோஎரர்னு போட்டிருக்கு. கீழ சர்வர் வரியில 127.0.0.1தான் இருக்கு" என்றார். நான் கேட்காமலே கடைசி வரியையும் வாசித்துவிட்டார்.

அன்பவுண்டால் பதிலைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் நம்ப முடியவில்லை. ஒரு தளம் என்றால் அந்தத் தளத்துக்காரர்கள் கையெழுத்தைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் எப்படிக் கெட்டுப்போகும்? ஒவ்வொரு கையெழுத்திலும் இன்னதிலிருந்து இன்னதுவரை செல்லும் என்று இரண்டு தேதிகள் இருக்கும். அதை யோசித்த கணம்தான் கரண்ட் போனது ஞாபகம் வந்தது.

"அத்தை, கம்ப்யூட்டர் மூலையில மணி என்ன காட்டுது?"

"ஒம்பதரைங்குது. கரண்ட் போனா அப்படித்தான இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

'டேட்' என்று அடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அட, ஞாயித்துக்கிழமைய செவ்வாய்க்கிழமைங்குது. வருஷம் மூணு பின்னால நிக்குது" என்றார்.

மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு செல் இருக்கும், சிஆர் 2032. கணினியில் மின்சாரமே இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. ஆனால் ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை போர்டுக்குக் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடும். சின்னச் சின்ன மின்வெட்டை யூபிஎஸ் தாங்கிவிட்டது. அன்று ராத்திரி நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. கடிகாரம் நின்றுபோய், காலையில் எங்கோ ஒரு பழைய தேதியிலிருந்து தொடங்கியது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி, தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்தைய தேதியை ஏற்றுக்கொள்ளாமல் அந்த நாள்வரை முன்னால் தள்ளிவிடும். அதனால், லினக்ஸ் நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970 என்று கண்ணைக் குத்தும்படி எதுவும் தெரியவில்லை. பார்த்தால் நம்பும்படியான ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று வருடம் பின்னால் நிற்கும் அந்தக் கணினிக்கு இன்றைய ரூட்டின் கையெழுத்து இன்னும் செல்லுபடியாகாத ஒன்று. கடிகாரம் கொஞ்சம் தவறியிருந்தால் அன்பவுண்ட் ஒரு மணி நேரம் முதல் ஒரு நாள்வரை பொறுத்துக்கொள்ளும். மூன்று வருடத்தைப் பொறுக்காது. ரூட்டே தவறினால் அதற்குக் கீழே எதையும் நம்ப வழியில்லை.

நேரத்தை இணையத்திலிருந்து வாங்கிச் சரிசெய்யும் நிரல் கணினியில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் நேர சர்வரின் பெயர் தெரிந்தால்தான் நேரத்தைக் கேட்க முடியும், நேரம் சரியாக இருந்தால்தான் பெயருக்கு எண் கிடைக்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அத்தையின் கணினி அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

இதில் என் பங்கு இன்னும் கொஞ்சம் உண்டு. டெபியனோடு வரும் சிஸ்டம்டி-டைம்சிங்க்டு, கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பின் மூலம் நினைவில் வைத்துக்கொள்ளும். கடிகாரம் நின்றுபோனாலும் அந்த இடத்திலிருந்து தொடங்கும். அது இருந்திருந்தால் சில மணி நேரம்தான் பின்தங்கியிருக்கும். வேலை செய்யும் இடத்தில் சர்வர்களுக்கு, இதே நேரம் சரிசெய்யும் வேலையைச் செய்யும் க்ரோனி போட்டுப் பழகிய கை, இங்கேயும் க்ரோனியைப் போட்டுவிட்டது. க்ரோனியை நிறுவினால் டெபியன் டைம்சிங்க்டை எடுத்துவிடும். க்ரோனி நல்ல நிரல், அன்பவுண்டும் நல்ல நிரல். இரண்டையும் ஒரே கணினியில், அதுவும் செல் தீர்ந்துகொண்டிருந்த ஒரு பழைய போர்டில் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அத்தை சுவரில் இருந்த தினசரிக் காலண்டரையும் கடிகாரத்தையும் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் அடித்தார். "தாளைக் காலையிலயே கிழிச்சாச்சு, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே. பிறகு அன்பவுண்டை ஒருமுறை நிறுத்தித் தொடங்கச் சொன்னேன், நம்ப முடியாதவை என்று முன்பே குறித்துவைத்திருந்ததை அது மறக்க வேண்டும் என்பதற்காக. டிக் அடித்தார். நோஎரர். ஓரிரு நிமிடத்தில் க்ரோனியும் தன் சர்வர்களைக் கண்டுபிடித்து, காலண்டர் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் இருந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டது. மணி ஏழரை ஆகியிருந்தது. "இன்னைக்கு அஞ்சு பக்கம்தான் ஆகும்" என்றார் அத்தை.

இந்த மாதிரி நேரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் யோசனை, ரிசால்வ்.கான்ஃபில் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8ஐ எழுது என்பது. அன்று அப்படி எழுதியிருந்தால் வேலை நடந்திருக்கும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கூகுளின் கடிகாரம் சரியாக ஓடுகிறது, எனவே பெயர்கள் வந்திருக்கும். முதல் ஓரிரு நிமிடம், இந்தத் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மிரட்டியிருக்கும், பிறகு க்ரோனி நேரத்தைப் பிடித்து எல்லாம் அடங்கியிருக்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் செல் தீர்ந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தையின் கணினியில் கையெழுத்துச் சரிபார்ப்பு இல்லாமல் போனதும் தெரிந்திருக்காது. அன்பவுண்ட் யாரும் கேட்காத ஒரு மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கும். பல கணினிகளில் ரிசால்வ்.கான்ஃப் வேறொரு கோப்புக்கான இணைப்புதான். நெட்வொர்க்மேனேஜரோ வேறொன்றோ அதைத் திரும்ப எழுதிவிடும். கையால் எழுதியது அடுத்த முறை கணினி தொடங்கும்போது காணாமல் போயிருக்கும், ஏன் போனது என்று மறுபடி ஒரு காலை முழுக்கத் தேட வேண்டியிருக்கும். எண்ணை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பது யார், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் மாற்றுவதுதான் எனக்கு ஆகாது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது கேஸைத் திறந்து செல்லை எடுத்து மல்ட்டிமீட்டரில் வைத்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. கடிகாரக் கடையில் புதுச் செல் வாங்கிப் போட்டோம். க்ரோனியின் கோப்பில், பெயரே தேவைப்படாதபடி கிளவுட்ஃபிளேரின் நேர சர்வரை 162.159.200.1 என்று எண்ணாகவே ஒரு வரி சேர்த்தேன். எண் என்றாவது மாறலாம் என்பதால் பழைய பெயர் வரியையும் எடுக்கவில்லை. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எதற்கென்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் மறுபடி ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லையாம். காலையில் போன் வரவில்லை. ஒன்பது மணிக்கு நானே கூப்பிட்டேன். "கம்ப்யூட்டரா? நல்லாருக்கே. எந்திரிச்சதும் தேதியைப் பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் டிக் அடிச்சுப் பாத்தேன். ஸ்டேட்டஸ் நோஎரர். கீழ சர்வர் 127.0.0.1. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், வாசிக்கட்டா?" என்றார். வாசிக்கச் சொன்னேன்.